இருபத்தொரு சுற்று நடந்த கால்

2019 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. காலை 5.50க்கு ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்பெனி பஸ் ஏறினேன். 6.25க்கு முதலுதவி அறையைத் திறந்தேன். ஊசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரி காட்டியது. கண் கழுவும் பாட்டில்கள் இரண்டும் நிரம்பியிருந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் முக்கால். மதியம் ஒரு மணி வரை பதினொரு பேர் வந்தார்கள். கண்ணில் தூசி விழுந்தவர்கள் இருவர், இரும்புப் பிசிறு விரலைக் கீறியவர்கள் நால்வர், தலைவலி மூவர், வயிற்றுப்போக்கு ஒருவர், காலாணியைத் தானே பிளேடால் செதுக்கிக்கொண்டு வந்தவர் ஒருவர். பன்னிரண்டாவது ஆள் 1.50க்கு வந்தார். அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

போன மாதம் ஜெனிஃபர் போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு அதே அறைக்கு வந்த நர்ஸ்.

“சிஸ்டர், புதுசா ஒரு ஆப் குடுத்திருக்காங்க. யார் வந்தாலும் மொதல்ல வலி எவ்வளவுன்னு பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள போடணும். பூஜ்யம் போட்டா கேஸ் தானா மூடிக்குது. அடுத்த பக்கமே வர மாட்டேங்குது.”

“மூடினா திற.”

“தெறக்க பட்டன் இல்ல சிஸ்டர்.”

“அப்ப பேப்பர்ல எழுது.”

“பேப்பர் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு.”

வலி பூஜ்யம் என்றால் நல்ல செய்தி என்று யாரோ ஒருவர் முடிவு செய்து, அதை மென்பொருளிலும் ஏற்றிவிட்டார். இருபத்தாறு வருடம் நான் சண்டை போட்டது இந்த நினைப்போடுதான். ஜெனிஃபருக்குச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். எனக்கு நினைவாற்றல் அதிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். மதுரையில் நர்சிங் படித்தேன், இரண்டு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தேன், திருமணமாகி ஓசூர் வந்தேன், வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. பாதத்தைப் பற்றி அங்கே ஒரு மதியப் பொழுதில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கம்பெனியில்தான் பாதங்களைப் பார்த்தேன். எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில், இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவுக்குள் நிற்கும் பாதங்கள். அவற்றைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் வைத்திருந்தார்கள். உள்ளங்கால் எரிந்தால் உடம்புச் சூடு, விளக்கெண்ணெய் தடவு. மரத்துப்போனால் ரத்த ஓட்டம் குறைவு, வெந்நீரில் வை. வெடிப்பில் எதையாவது அப்பு. காலாணி வந்தால் வேரோடு எடு. சர்க்கரை வந்தால் வெறுங்காலில் நட, இறங்கிவிடும். கடைசி இரண்டையும் சொன்னவர்களில் பொறியாளர்களும் உண்டு.

ஷூ அளவு இன்னொரு கூத்து. வேலைக்குச் சேரும் நாளில் ஸ்டோர் பதிவேட்டில் எழுதிய அளவுதான் ஓய்வு பெறும் வரை. இருபது வயதில் ஏழு என்றால் ஐம்பதிலும் ஏழு. வயது ஏற ஏற, நின்று நின்று, பாதம் நீண்டு அகலும் என்று ஸ்டோர் கீப்பரிடம் சொன்னேன்.

“கால் எங்கயாச்சும் வளருமா சிஸ்டர்? தொப்பைதான் வளரும்.”

அவரையே பழுப்புக் காகிதத்தின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். அவர் போட்டிருந்த ஷூவை அதன் மேல் வைத்தேன். சுண்டுவிரல் முழுதும் ஷூவுக்கு வெளியே கிடந்தது. “அதான் இந்த வெரல் ராத்திரியெல்லாம் குடையுதா?” என்றார். அந்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, அளவெடுத்தோம். ‘செருப்புக்கடை சிஸ்டர்’ என்று எனக்குப் பெயர் வந்தது. வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் மருத்துவ அதிகாரி டாக்டர் மாலதி. செவ்வாயும் வெள்ளியும் வருவார். என்னைவிட ஏழு வயது இளையவர். பாராட்டமாட்டார், திட்டவும் மாட்டார். திருத்துவார். “‘சின்னப் புண்’னு எழுதியிருக்கீங்க. சின்னதுன்னா எத்தனை மில்லிமீட்டர்?” அதற்குப் பிறகு என் பதிவேட்டில் சின்னது, பெரியது என்ற சொற்கள் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களை அவர் பார்க்கும் முறையை அப்படியே எழுதுகிறேன். தாழ்வான முக்காலியில் உட்கார்வார். மடியில் துண்டு, துண்டின் மேல் நோயாளியின் பாதம். விரல் இடுக்குகள் ஐந்தையும் பிரித்துப் பார்ப்பார், அல்ல, நான்கையும். இதையும் அவர்தான் ஒருமுறை திருத்தினார். பிறகு தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. அதை முதலில் நோயாளியின் முன்கையில் தொட்டுக்காட்டி, இப்படித்தான் இருக்கும் என்பார். பிறகு கண்ணை மூடச் சொல்வார். இழை லேசாக வளையும் அளவுக்குப் பெருவிரல் நுனி, விரல் அடிகள், முன்பாதம் என்று வரிசை மாற்றி மாற்றித் தொடுவார். “தெரியுதா?” என்று கேட்கவே மாட்டார். கேட்டால் யாரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். “தொடும்போது நீங்களே சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். அந்த அமைதியில்தான் உண்மை வரும். வருடத்தில் ஒருநாள் எல்லோருக்கும் இதைச் செய்ய நேரம் கேட்டோம். உற்பத்தி நேரம் போகும் என்று இரண்டு முறை மறுத்துவிட்டார்கள்.

அந்த நிலையில்தான் 2019 மார்ச்சில் ஆரோக்கியப் பாதை வந்தது. எச்.ஆர். மேலாளர் பிரபாகரின் யோசனை. கெட்ட மனிதர் என்று எழுதமாட்டேன். அவருடைய அப்பா பூங்காவில் கல் பதித்த பாதையில் எட்டு போட்டு நடந்து சர்க்கரையைக் குறைத்தார் என்று உண்மையாகவே நம்பினார். நடந்ததால் குறைந்தது, கல்லால் அல்ல என்று டாக்டர் சொன்னார். பிரபாகர் சிரித்தார். கேன்டீனுக்கு எதிரே எட்டு வடிவில் பாதை போட்டு, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையிலிருந்து வந்த கறுப்புக் கல் துண்டுகளைப் பதித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு செருப்பில்லாமல் நடக்க வேண்டும். அதிகச் சுற்று நடந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஏறும்.

முதல் வாரமே பட்டியலில் முதலிடம் முனிராஜ். கடைசல் பிரிவில் இருந்தார். உத்தனப்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நாற்பத்தாறு வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருடம். மற்றவர்கள் மூன்றாம் சுற்றிலேயே “அய்யோ, அம்மா” என்று குதிப்பார்கள். முனிராஜ் கைகட்டி நடப்பார்.

“மாமா, கால்ல என்ன லாடம் அடிச்சிருக்கியா?”

“உங்க வயசுல நாங்க வயல்ல நடந்தம்டா. நீங்க ஏசில பொறந்த பசங்க.”

‘இரும்புக்கால்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பிரபாகர் அவரை வீடியோ எடுத்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பாதத்தில் உணர்ச்சி செத்துப்போன ஒருவரைத் தேடிப்பிடித்து முதல் பரிசு கொடுத்தோம். வேறு ஊரில் இப்படி நடந்திருக்குமா தெரியாது. எங்கள் தொழிற்சாலையில் நடந்தது, நானும் ஒரு நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவருக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அது என் தவறு, அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22 அன்று 1.50க்கு வந்த முனிராஜ் உட்காரக்கூட இல்லை.

“சிஸ்டர், ஸ்டோருக்கு ஒரு சீட்டு குடுங்க. ஷூ உள்ள வழுக்குது. தண்ணி எறங்குது போல.”

“மழையே இல்லையே, தண்ணி எங்கருந்து?”

“அதான் தெரியல. இன்னிக்கு இருபத்தொரு சுத்து போட்டேன். வேர்வையா இருக்கும்.”

ஷூவைக் கழற்றச் சொன்னேன். இடது சாக்ஸின் அடிப்பாகம் ஒட்டியிருந்தது. உப்புநீர் ஊற்றி ஊறவைத்து உரித்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. 38க்கு 25 மில்லிமீட்டர். ஓரத்தில் கல் கிழித்த ஒரு கோடு. ஓசூர் குளிர்ந்த ஊர், வெயில் என்ன செய்யும் என்பார்கள். ஏப்ரல் மதியத்தில் கறுப்புக் கல் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

முனிராஜ் காலைத் திருப்பிப் பார்த்தார். “அட, இது எப்ப ஆச்சு?” என்று சிரித்தார். “வலியே இல்ல சிஸ்டர். ஒண்ணும் பெருசா இருக்காது.”

கழுவிக் கட்டுப் போட்டேன். டாக்டருக்கு போன் செய்தேன். அந்தக் காலை ஊன்றவே கூடாது, எண்ணெய் மஞ்சள் எதுவும் கூடாது, நாளைக் காலை தன் முன்னால் இருக்க வேண்டும் என்றார். பதிவேட்டில் எழுதினேன்: இடம், கேன்டீன் எதிரே நடைபாதை, காரணம், சூடான கல், பாதத்தில் உணர்வின்மை. அரை மணியில் பிரபாகர் வந்தார்.

“வலி இல்லைங்கறார். வேலைக்குப் போறேங்கறார். நீங்க ஏன் சிஸ்டர் விபத்துன்னு எழுதறீங்க? கேட்ல விபத்தில்லா நாள் போர்டு இருக்கு, தெரியுமில்ல?”

“வலி இல்லாததாலதான் சார் எழுதறேன்.”

நான் குதர்க்கம் பேசுவதாக நினைத்தார். முனிராஜும் அப்படித்தான் நினைத்தார். “வேண்டாத எழுத்து” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

செவ்வாய் வரவில்லை. புதனும் இல்லை. போனில், “ஊர்ல ஒரு விசேசம் சிஸ்டர், கால் சூப்பரா இருக்குது” என்றார். வியாழன் ஷிஃப்ட் முடிந்ததும் ராயக்கோட்டை பஸ் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரத்னம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்தார்.

“வாங்கக்கா. நான் சொன்னா கேக்கறதில்ல. ரூமுக்குள்ள நாத்தம் அடிக்குது. எலி செத்துதோன்னு பரணெல்லாம் தேடினேன்.”

நான் போட்ட கட்டு இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தார். பாதம் வீங்கிப் பளபளத்தது. சுண்டுவிரல் கறுத்துவிட்டது. கணுக்கால் நோக்கி ஒரு சிவப்புக் கோடு. காய்ச்சல் 101.4. அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு.”

“எதுக்கு? வலி இருந்தாத்தான சிஸ்டர் ஆஸ்பத்திரி? போனா வெரல எடுக்கணும்பாங்க. ஒண்ண எடுத்தா அப்புறம் வரிசையா எடுப்பாங்க. எங்க பக்கத்து வீட்டாளுக்கு அப்படித்தான் முட்டி வரைக்கும் போச்சு. நான் வரல.”

விவாதத்தில் அவரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. கைப்பையிலிருந்து நைலான் இழையை எடுத்தேன். ரத்னம்மாவை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முனிராஜின் முன்கையில் தொட்டுக்காட்டினேன்.

“தெரியுது” என்றார்.

“கண்ணை மூடுங்க. காலைத் தொடும்போதெல்லாம் இதே மாதிரி சொல்லுங்க. அவ்வளவுதான். ஒரு தடவையாவது சரியாச் சொல்லிட்டா நான் இப்பவே போயிடறேன்.”

“பெட்டா?” என்று சிரித்துக்கொண்டே மூடினார்.

நல்ல காலாகிய வலது பாதத்திலிருந்து தொடங்கினேன். பெருவிரல். நடுவிரல். முன்பாதம். இழை ஒவ்வொரு முறையும் வளைந்தது. ரத்னம்மா என் விரலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு இடம் ஆயிற்று, ஏழு ஆயிற்று. முனிராஜ் புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார்.

“ஆரம்பிங்க சிஸ்டர்” என்றார்.

ரத்னம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “தேவுடா” என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. முனிராஜ் கண்ணைத் திறந்தபோது என் கையிலிருந்த இழை அவர் பெருவிரல் மேல் வளைந்து நின்றது. அதைப் பார்த்தார். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சட்டைய எடு” என்று மனைவியிடம் சொன்னார்.

அன்று மாலை ஆறரைக்கு ஓசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை சுண்டுவிரலையும் அதன் பின்னாலிருந்த எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதைதான் என்று அறுவை மருத்துவர் ரத்னம்மாவிடம் சொன்னார். விரலை எடுத்ததால் அந்த ஆளுக்கு முட்டிவரை போகவில்லை, தாமதமாக எடுத்ததால் போனது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கு இல்லை.

காயம் ஆறி, ஜூன் 10, திங்கட்கிழமை முனிராஜ் வேலைக்குத் திரும்பினார். பிரபாகர் அவரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். குரல் மென்மையாக இருந்தது.

“காரணம்கற இடத்துல ‘வீட்டில் ஏற்பட்ட காயம்’னு ஒரு திருத்தம் போடுங்க சிஸ்டர். அளவு பார்க்கற மேசையில உக்கார்ற வேலை ஒண்ணு காலியா இருக்கு, இன்னிக்கே குடுத்துடறேன். இல்லன்னா விபத்து விசாரணை, மெடிக்கல் போர்டு… சர்க்கரைக் கால் வேற. அன்ஃபிட்னு போயிடும். உங்களால ஒரு குடும்பம் கெடணுமா?”

அவர் போனதும் முனிராஜ் நொண்டிக்கொண்டு வந்தார்.

“எழுதிடுங்க சிஸ்டர். ஒரு வரிதான? என் காலு, நானே சொல்றேன். வீட்லதான் ஆச்சு.”

“நாளைக்கு அந்தக் காலுக்கு வேற ஏதாவது வந்தா? வீட்ல ஆனதுன்னு நீங்களே சொன்னதா காட்டுவாங்க. யார்கிட்டயும் எதுவும் கேக்க முடியாது.”

“நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். பொண்ணு டிப்ளமோ படிக்குது. இன்னிக்கு வேலை வேணும். உங்களுக்குச் சம்பளம் வருது, நீங்க பேசுவீங்க.”

பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். இருபத்தாறு வருடத்தில் மிக மோசமான நாள் எது என்று கேட்டால் விரல் போன நாளைச் சொல்லமாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன்.

செவ்வாய் டாக்டர் மாலதி வந்ததும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “பதிவுல எது இருக்கோ அது இருக்கட்டும். அறிவிப்புப் பலகைல இருக்கற பட்டியலை எடுத்துட்டு வாங்க” என்றார். எடுத்து வந்தேன். பிரபாகர் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்த சாதனையாளர் பட்டியல். அதிலிருந்த முதல் பதினொரு பேரை ஒருவர் பின் ஒருவராக அறைக்கு அழைத்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முக்காலி, துண்டு, இழை. சிரித்துக்கொண்டு வந்தவர்களில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தார்கள். மூவரின் ரத்தத்தையும் சோதித்தோம்; ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் ஒரு பக்க அறிக்கை எழுதினார். கடைசி வரி: ‘இந்த மூவருக்கும் நாளை புண் வந்தால் அதையும் வீட்டில் ஏற்பட்டதாகத்தான் எழுத வேண்டுமா என்பதைத் தெரிவிக்கவும்.’ கூடவே முனிராஜுக்குத் தகுதிச் சான்று: உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவர், அகலமான ஷூ தர வேண்டும், பாதம் தினமும் பார்க்கப்பட வேண்டும். சர்க்கரைக் கால் என்றால் ஆள் முடிந்தான் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான் என்று வாயால் சொன்னார், அதை எழுதவில்லை. இரண்டும் தொழிற்சாலைத் தலைமைப் பொறுப்பாளருக்கு நேராகப் போயின.

புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. வேலை நேரத்தில் அனுமதியின்றி ஊழியர்களை அழைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் கொடுத்தேன். ‘அழைத்தது உண்மை. மறுபடியும் அழைப்பேன்.’ இதை மாற்றி எழுதும்படி இரண்டு பேர் அன்பாகச் சொன்னார்கள். மாற்றவில்லை. அந்த மெமோ இன்னும் என் பணிப் பதிவில் இருக்கிறது. அதனால் ஒரு பதவி உயர்வு தள்ளிப்போனது. போகட்டும்.

வியாழன் மதியம் தலைமைப் பொறுப்பாளர் அறையில் பத்து நிமிடக் கூட்டம். டாக்டரின் கடைசி வரிக்குப் பதில் சொல்ல யாரும் தயாராக இல்லை. பதிவேடு அப்படியே இருக்கும், பாதை மூடப்படும், முனிராஜ் வெள்ளி முதல் வேலைக்கு வரலாம் என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது பிரபாகர் என்னிடம், “எங்கப்பா காலையும் ஒரு தடவை பாக்கறீங்களா சிஸ்டர்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரச் சொன்னேன்.

ஜெனிஃபர், உன் ஆப்பில் பூஜ்யம் போட்டால் மூடிக்கொள்கிறது என்றாய். என் யோசனை இது: சர்க்கரை உள்ளவர் வலி இல்லை என்று சொன்னால் பத்து என்று போடு. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், ஜூன் 14, வெள்ளிக்கிழமை. 6.25க்கு அறையைத் திறந்தேன். ஃப்ரிட்ஜைப் பார்ப்பதற்கு முன்பே கதவருகில் முனிராஜ் நின்றார். நான்கு நாளாகப் பேசாதவர். வந்து உட்கார்ந்து, ஸ்டோர் முந்தின நாள் மாலையே கொடுத்த புது ஷூவைக் கழற்றி, வலது கணுக்கால் எலும்புக்கு மேலே, உணர்வு மிச்சமிருந்த இடத்தில், விரலை வைத்தார்.

“சிஸ்டர், இங்க ஷூ பட்டி உரசுது. வலிக்குது.”

“எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க.”

“வலிக்குதுங்க. நல்லாவே வலிக்குது.”

நேரத்தையும் இடத்தையும் எழுதினேன். அன்றைய முதல் சீட்டை ஸ்டோருக்கு எழுதினேன்: ஷூ மாற்றித் தரவும், உடனே.